அண்ணா கட்டிய எஞ்சின் வீடு

எங்கள் அண்ணாவை ஸ்காபரோவில் பலருக்கு 'ரெயில்காரர்' என்று சொன்னால்தான் தெரியும். அவர் ஒருநாளும் ரெயில்வேயில் வேலை செய்தவரல்ல. சின்ன வயதில் ஊரில் ரெயில் பார்த்த ஆசைதானே என்று கேட்பவர்களுக்கு, "ஊரிலை நான் ரெயில் ஏறினதே ரெண்டு தரம். ரெண்டு தரமும் நிண்டுகொண்டு போனனான்" என்று சிரிப்பார்.

அண்ணா உடுப்பிட்டியில் பிறந்தார். அவருக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அப்பா லொறி விபத்தில் இறந்தபோது அண்ணாவுக்குப் பதினாறு, எனக்கு ஐந்து. அடுத்த மாதமே அவர் பள்ளிக்கூடத்தை விட்டு நெல்லியடியில் ஒரு வெல்டிங் கடையில் சேர்ந்தார். எனக்கு அப்பாவின் முகம் படத்தில்தான் தெரியும். காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அண்ணா. இளைஞர்கள் வீதியில் இறங்க முடியாத காலம் வந்தபோது அம்மா அழுது, சத்தியம் வாங்கி, அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மென்ற்றில் ஆறு பேரோடு இருந்தார். கிடைத்த முதல் வேலை, பழைய கட்டடங்களின் நிலக்கீழ் அறைகளில் பொய்லர்களையும் குழாய்களையும் சுற்றியிருந்த பூச்சைக் கிழித்து அகற்றுவது. "வேலை சுகம் அம்மா. நிலத்துக்குக் கீழை எண்டபடியால் குளிர் தெரியாது" என்று கடிதம் எழுதுவார். அம்மா அந்த வரியை அயலாருக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார். நாலு வருடம் அந்த வேலையைச் செய்துதான் அம்மாவையும் என்னையும் கனடாவுக்குக் கூப்பிட்டார். நாங்கள் வந்திறங்கிய அன்று வேலை உடுப்போடேயே விமான நிலையத்துக்கு வந்திருந்தார். நான் கட்டிப்பிடித்து அழுதேன். பிறகு பார்த்தால் என்னுடைய கறுப்புச் சுவெற்றர் முழுக்க வெள்ளைத் தூள். அவர் தட்டிவிட்டுக்கொண்டே, "உது மா மாதிரி, கழுவினால் போயிடும்" என்றார்.

பிறகு சொந்தமாக ஓர் இரும்பு வேலைத்தளம் தொடங்கினார். ஸ்காபரோவில் எத்தனையோ வீடுகளின் படிக்கட்டுக் கைபிடிகள் அவர் செய்தவை. அண்ணியை மணந்தார், ஒரு மகள் பிறந்தாள், வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கினார். அம்மா அவரோடேயே இருந்தார். நான் திருமணமாகி றிச்மண்ட் ஹில்லுக்குப் போனேன்.

ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் எஞ்சின் வந்தது. நகரத்துக்கு வெளியே, மூடிவிட்ட ஒரு கல்லுடைக்கும் இடத்தில் வேலி போடப் போனவர், பற்றைக்குள் ஒரு சின்ன நீராவி ரெயில் எஞ்சினைக் கண்டார். சாரதி நிற்கும் இடத்துக்கு உள்ளால் ஒரு மரம் வளர்ந்து கூரைக்கு மேலே போயிருந்ததாம். பழைய இரும்புக்குப் போடப் போகிறோம், வேண்டுமென்றால் கொண்டுபோ என்றிருக்கிறார்கள். கொண்டுவந்துவிட்டார். அடுத்த ஐந்து வருடங்களில் இன்னும் இரண்டு வந்தன. ஒன்று ஒரு மர ஆலையில் நின்றது, மற்றது ஒரு சிறுநகரப் பூங்காவில் மழையிலும் பனியிலும் கறள் பிடித்துக் கிடந்தது. மூன்றையும் எந்த அருங்காட்சியகமும் கேட்கவில்லை.

"ஏன் அண்ணா உது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உதைக் கழட்டினால் திருப்பிப் பூட்டலாம், பிள்ளை" என்றார். "அப்பிடியான சாமான் இப்ப எங்கை இருக்கு?"

ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு காணி வாங்கி, அவற்றுக்காகப் புதிதாக ஒரு கொட்டகை கட்டத் தொடங்கினார். அரை வட்டமாக ஐந்து கதவுகள். முன்னால் ஒரு சுழல் மேடை. எஞ்சினை மேடையில் ஏற்றித் திருப்பி, விரும்பிய கதவுக்கு நேரே விடலாம். முன்னொரு காலத்தில் இங்கே எல்லா ஊரிலும் இப்படி எஞ்சின் கொட்டகைகள் இருந்தனவாம். புதிதாகக் கட்டுகிற ஆள் இவர்தான் என்று அங்குள்ளவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்படி வந்து பார்த்து, கூடவே நின்றுவிட்டவர் வோல்ட்டர். ஓய்வுபெற்ற இயந்திர வேலைக்காரர். அண்ணாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "மனிசர் வீட்டிலை கூரை ஒழுகுது, இவர் எஞ்சினுக்கு வீடு கட்டுறார்" என்று அண்ணி சொல்வார். சனி, ஞாயிறு முழுக்க அண்ணா அங்கேதான்.

கொட்டகைக் கூரையின் இரும்பைத் தூக்கிய நாள் ஒரு சனிக்கிழமை. அன்று காலை அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாங்கள் மாறிமாறி அழைத்தோம். கிரேன் சத்தத்தில் அண்ணாவுக்குக் கேட்கவில்லை. அவர் மருத்துவமனைக்கு வந்தபோது அம்மா போய் இரண்டு மணி நேரம். அந்தச் சாவீட்டில், வந்திருந்த சனத்துக்கு முன்னால், நான் அவரைப் பார்த்து, "அம்மாவை விட உங்களுக்கு உந்தக் கறள் இரும்புதானே பெரிசு" என்று சொன்னேன். அதன் பிறகு இரண்டு வருடம் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அனுப்பிய தீபாவளி வாழ்த்துகளைப் பார்த்தேன், பதில் போடவில்லை. இதை இந்த நினைவு மலரில் எழுதுவது எனக்குச் சுகமாக இல்லை. ஆனால் வந்திருந்த பலர் அன்று அதைக் கேட்டீர்கள்.

சென்ற ஆண்டு அண்ணாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படி ஏற முடியவில்லை. நுரையீரலைச் சுற்றியுள்ள மென்படலத்தில் புற்றுநோய் என்றார்கள். கல்நார்த் தூள், அதுதான் அஸ்பெஸ்ரஸ், உள்ளே போவதால் வருவதாம். பழைய நீராவி எஞ்சின்களின் பொய்லரைச் சுற்றி அதைத்தான் கட்டியிருப்பார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. அண்ணி அவரது நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "உந்த எஞ்சின்தான் உங்களைத் திண்டிட்டுது" என்று கத்தினார். நான் கதவடியில் நின்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன்.

"ஓம்" என்றார் அண்ணா. "நான் கவனமா இருந்திருக்க வேணும்."

அதற்குப் பிறகு யார் பார்க்க வந்தாலும் அதே கதைதான். எல்லோரும் எஞ்சினைத் திட்டினோம். அவர் தலையாட்டுவார்.

மருத்துவமனையில் ஒருநாள் வோல்ட்டர் வந்திருந்தார். அண்ணா தூங்கிக்கொண்டிருந்தார். நான் கோபத்தில் வோல்ட்டரிடமும் அதையே சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். மூன்று எஞ்சினிலும் இருந்த கல்நாரை, அதற்கென்று அனுமதி பெற்ற ஆட்கள் வந்து மூடிக்கட்டி அகற்றிய பிறகுதான் அண்ணா கையே வைத்தாராம். ஒருமுறை வோல்ட்டர் அவசரப்பட்டுக் கிட்டப் போனபோது சட்டையில் பிடித்து இழுத்தாராம். "அவனுக்கு அந்தத் தூளை நன்றாகத் தெரியும்" என்றார் வோல்ட்டர். "இளமையில் அதற்குள்தானே வேலை செய்தான்."

தாதியிடம் போய்க் கேட்டேன். இந்த நோய் வெளியே தெரிய முப்பது, நாற்பது வருடம்கூட எடுக்கும் என்றார். எஞ்சின் வந்து பன்னிரண்டு வருடம்தான். விமான நிலையத்தில் என் சுவெற்றரில் ஒட்டியிருந்த தூள் நினைவுக்கு வந்தது.

அண்ணா கண் விழித்ததும் கேட்டேன். "அண்ணா, இது எங்களைக் கூப்பிடச் செய்த வேலையாலை வந்ததோ?"

வோல்ட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டொக்டர் அப்பிடித்தான் சொன்னவர்."

"அப்ப ஏன் எல்லாருக்கும் ஓம், ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"எஞ்சினைப் பேசினால் அதுக்கு நோகாது, பிள்ளை" என்றார். மூச்சை எடுத்துக்கொண்டு, "நீ இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. போன அம்மாவையும் உன்னையும் ஏன் இதுக்குள்ளை இழுப்பான்" என்றார். நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

ஒக்டோபரில் ஒரு பகல், அவர் கேட்டபடி, அவரைக் காணிக்குக் கூட்டிப்போனோம். அண்ணியும் நானும் அந்தக் கொட்டகையைப் பார்த்தது அன்றுதான். கூரை முடிந்து, ஐந்து கதவுக்கும் பச்சை நிறம் அடித்திருந்தது. உள்ளே குளிர். எஞ்சின் ஒன்றாவது நெருப்பு மூட்டி ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது நடக்கவில்லை. பரிசோதிக்க வந்தவர் பொய்லர்த் தகடு மெலிந்துவிட்டது என்று அனுமதி தர மறுத்துவிட்டார். அண்ணா அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. "அவர் சொன்னது சரி. வெடிச்சால் ஆரைக் கேக்கிறது" என்றார்.

முதலில் வந்த எஞ்சினை வோல்ட்டர் தன் உழவு இயந்திரத்தால் இழுத்து ஏற்கெனவே சுழல் மேடையில் நிறுத்தியிருந்தார். பாரம் நடுவில் சரியாக நின்றால் நாலு பேர் கையாலேயே தள்ளித் திருப்பலாம் என்றார். அண்ணாவை விட்டால் அங்கே நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம். வோல்ட்டர், அண்ணாவின் மகளான என் மருமகள், நான், பிறகு அண்ணி. அண்ணி கையுறையைக் கழற்றிவிட்டு வந்து தள்ளுகட்டையில் கை வைத்தார். முதலில் அசையவே இல்லை. பிறகு மெதுவாக நகர்ந்தது.

"அப்பா, இட்ஸ் மூவிங்! உண்மையா மூவ் பண்ணுது!" என்று மருமகள் கத்தினாள்.

அண்ணா சக்கர நாற்காலியில், போர்வைக்குள்ளிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... காணும், நிப்பாட்டுங்கோ." தண்டவாளம் மூன்றாம் கதவுக்கு நேரே வந்து நின்றது. அண்ணி மேடையிலேயே இருந்து அழுதார். பதினொரு நாளுக்குப் பிறகு, ஒரு மதிய நேரத்தில், அண்ணியும் மகளும் நானும் பக்கத்தில் இருக்க, அண்ணா போய்விட்டார்.

இனி அந்த எஞ்சின்களுக்கு என்ன ஆகும் என்று பலர் கேட்கிறீர்கள். எங்களுக்குத் தெரியவில்லை. வோல்ட்டருக்கு எழுபத்தாறு வயது. அவரால் முடியும்வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு யாராவது கேட்டால் கொடுப்போம். ஒருவரும் கேட்காமலும் போகலாம்.

சொல்ல வேண்டாம் என்று அண்ணா சொன்னதை நான் எழுதிவிட்டேன். எழுதுவதற்கு முன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எழுது. நான் கத்தினதையும் சேர்த்து எழுது" என்றார்.

அண்ணாவைக் கடைசிவரை வலியில்லாமல் வைத்திருக்கப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும், மாறிமாறிச் சமைத்துக் கொண்டுவந்த வெக்ஸ்போர்ட் அயலவர்களுக்கும், கிரியைகளை முன்நின்று நடத்தித் தந்த குருக்கள் ஐயாவுக்கும், ஒன்றரை மணி நேரம் கார் ஓடிவந்து பெட்டியைச் சுமந்த வோல்ட்டருக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணாவோடு அந்த அப்பார்ட்மென்ற்றில் இருந்தவர்களும், அவரைப் போலவே நிலக்கீழ் அறைகளில் வேலை செய்தவர்களும் இந்த மலரை வாசிப்பீர்கள். உங்களுக்கும் இருமலோ மூச்சிரைப்போ இருக்கலாம். வந்த புதிதில் என்ன வேலை செய்தீர்கள் என்பதை உங்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். யாருக்காகச் செய்தீர்களோ, அவர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள்.

தங்கை
றிச்மண்ட் ஹில்