எதிர் ஜன்னல் அண்ணாச்சி

நேற்று குற்றாலம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பையன் போனில் கொலைப்படம் ஒன்று பார்த்துக்கொண்டு வந்தான். காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் எனக்குச் சத்தம் கிடையாது. இருந்தாலும் கழுத்தை நீட்டினேன். கத்தியை ஓங்குகிற நேரம் பார்த்து, போனை அந்தப் பக்கம் சாய்த்துவிட்டான். இந்த வயதில் எனக்கு இது தேவைதான்.

எட்டிப் பார்ப்பது அசிங்கம் என்கிற நாம்தான், எட்டிப் பார்க்கிறவனைப் பற்றிய படம் என்றால் காசு கொடுத்துப் பார்க்கிறோம். நானும் என் தோழி செல்வியும் அதில் ரொம்ப மோசம். முதல் வேலைக்குத் தென்காசி வந்து, ஒரு மாடி வீட்டில் சேர்ந்து குடியிருந்தோம். சாயங்காலமானால் வாடகை சிடி. துப்பறியும் படம், கண்ணாடிக்குள்ளிருந்து கை நீளும் புரியாத கனவுப் படம், எதையும் விடுவதில்லை. "இது வெளங்காது மேடம், ஆனா ஒறங்க விடாது" என்று கடைக்காரர் எடுத்து வைத்துத் தருவார்.

ஒரு சாரல் காலத்தில் செல்விதான் முதலில் கவனித்தாள். எதிர்வீட்டு மாடி ஜன்னலில், விளக்கைப் போடாமல், பலசரக்குக் கடை அண்ணாச்சி எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளும் நின்றார்.

"ஏட்டி, அண்ணாச்சி வீட்டு அக்கா கொஞ்ச நாளாக் கண்ணுலயே படல, பாத்தியா?" என்றாள்.

படம் பார்த்துக் கெட்டுப்போன மூளை அல்லவா? மனைவியைக் கொன்று எந்தத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பார் என்பது வரை பேசினோம். பேச்சுதான் விளையாட்டு, பயம் நிஜம். செல்வியின் அப்பாவிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து அவளை வாசுதேவநல்லூருக்குக் கூட்டிப்போய்விடுவார். வேலை போகும். அவளுக்குப் பிடிக்காத மாப்பிள்ளையோடு கல்யாணமும் நடக்கும்.

ஒருநாள் படம் சூடுபிடித்த இடத்தில், பொறுக்க முடியாமல் செல்வி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். தோசைக்கரண்டியோடு திறந்தேன். அண்ணாச்சி. அவருக்குப் பின்னால், மூட்டுவலியோடு படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு, உயிரோடு அக்கா.

"பிள்ளேளா, கோவிக்காதீய. அந்தப் பொம்பளய யாரு கொன்னான்னு மட்டும் சொல்லிருங்க."

இடி இடித்து அவர்கள் டிவி போய்விட்டதாம். அக்கா கால் வலியால் வெளியே வராமல், உள்ளே கட்டிலில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியே எங்கள் டிவியைப் பார்த்து வந்தாராம்.

"வெளக்கப் போட்டா நீங்க சன்னல அடைச்சிருவீயல்லா," என்றார் அண்ணாச்சி, தலையைக் குனிந்துகொண்டு.

செல்வி சிரிக்கவில்லை. "எவ்வளவு பயந்தோம் தெரியுமா அண்ணாச்சி? கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லுவோம்?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான் தாயி" என்றார்.

பிறகு எங்கள் வீட்டில் தினமும் நாலு பேர். கனவுப் படம் ஓடினால் அக்காதான் முதலில் முணுமுணுப்பார். "ஊமையா ஓடும்போது எல்லாம் வெளங்குச்சு. சத்தத்தோட ஒண்ணும் வெளங்கலயே!" அவர் ஊமையாகப் பார்த்துக் கட்டிய கதை, படத்தைவிட நன்றாக இருக்கும். செல்வியின் அப்பா வந்தபோது, "கவலப்படாதீய, பிள்ளேளு எங்க கண்ணு முன்னாலதான இருக்கு" என்றார் அண்ணாச்சி. நாங்கள் சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினோம். அப்பா நிம்மதியாக ஊர் திரும்பினார். செல்வி வேலையில் நீடித்தாள்.

இப்போது அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி, மூடிய ஜன்னல், வாசலில் கேமரா. அண்ணாச்சியும் இல்லை, அக்காவும் இல்லை. செல்வியும் வேறு ஊரில். போன மாதம் ஒரு கொலைத் தொடரைத் தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்து முடித்தேன். யார் கொன்றது என்று எனக்குத் தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை.