கடைசி வீட்டு வாசல்

இராயப்பன் மேஸ்திரி கட்டிய தொட்டி ஒழுகாது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிறவர்கள் அந்நாளில் அவரைப் பற்றி இந்த ஒன்றைத்தான் சொல்வார்கள். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது. குடியாத்தத்துக்கு அருகே சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்து பிழைத்த குடும்பம் அவருடையது. கொத்துக் கரணை பிடிக்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இடிந்த சுவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். விழுந்த சுவரின் பக்கத்தில் உட்கார்ந்து அது ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், நிற்கிற சுவர் எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும் என்பார். ஆவாரம் பட்டை ஊறும் தொட்டிகளும் தோல் காயப்போடும் கொட்டகைகளும் நிறையக் கட்டியிருந்தார். அழகாக ஒன்று கட்டிக்கொடு என்று அதுவரை எவரும் அவரைக் கேட்டதில்லை.

முதலில் கேட்டவர் தோல் பதனிடும் முதலாளி மக்பூல் அகமது சாயிபு. ஆறு பெருகிக் கரையோரக் குடிசைகளை அடித்துக்கொண்டு போன வருஷம் அது. சாயிபுவின் ஆட்கள் தோல் கொட்டகைகளிலேயே குடும்பத்தோடு படுத்துக் கிடந்தார்கள். ஆம்பூருக்கு வெளியே மேட்டில் அவருக்குக் கொஞ்சம் புன்செய் இருந்தது. அதில் அவர்களுக்கு வீடு கட்டித் தருவதென்று முடிவு செய்தார். வரிசையாக அறைகளைக் கட்டி முடித்திருக்கலாம். ஆனால் அவர் மனத்தில் வேறொரு ஆசை இருந்தது. பகலெல்லாம் பச்சைத் தோல் நாற்றத்தில் நிற்கிறவன், பொழுது சாய்ந்தால் ஜன்னத்துக்குள், சொர்க்கத்துக்குள், நுழைய வேண்டும் என்றார். நடுவில் தோட்டம், அதன் நடுவில் ஒரு தடாகம், தடாகத்திலிருந்து நாலு பக்கமும் நாலு வாய்க்கால். தங்கள் வேதத்தில் ஜன்னத்துக்கு நாலு வகை ஆறு சொல்லியிருக்கிறது என்றார். இராயப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் வேதத்திலும் ஆதாம் ஏவாள் இருந்த சிங்கார வனத்துக்கு நாலு ஆறுதான் என்று சொன்னார்.

"அப்போ சண்டையே இல்ல," என்றார் சாயிபு. "தோண்டு."

பிற்காலத்தில் மற்றவர்கள் கலியாணம் நடந்த வருஷத்தைப் பற்றிப் பேசுவதுபோல இராயப்பன் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசுவார். மாடு பூட்டிய கவலையால் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் தடாகத்தில் விழும். தடாகம் நிரம்பினால் நாலு வாய்க்காலிலும் ஒரே சமயத்தில் வழியும். ஒன்றில் முந்தி, ஒன்றில் பிந்தி என்பது கிடையாது. அந்த மட்டம் வருவதற்காக வாய்க்கால் தரையைப் பலமுறை பெயர்த்துப் போட்டார். ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு நேர்த்தெருவின் நடுவே ஓடியது. இரு பக்கமும் வீடுகள். தெருவின் வெளிக்கோடியில் மட்டும் ஒரு வீடு குறுக்கே நின்றது. தோல் காயும் களத்துக் காற்றும் ரோட்டுப் புழுதியும் நேராக உள்ளே வரக்கூடாது என்பதற்காக அப்படி. வண்டிகள் அந்த வீட்டின் இரு ஓரத்துச் சந்துகள் வழியாகப் போய் வரும்.

அந்தக் கோடி வீடுகள் நான்கின்மேல் சாயிபுவுக்குத் தனி ஆசை. வாசற்படியில் உட்கார்ந்தால் வாய்க்கால் ஓடும் தெரு முழுக்கத் தெரியும். முடிவில் மாதுளைச் செடிகளுக்கு நடுவே தடாகம் மின்னும். இராயப்பன் தடாகத்தின் மையத்திலிருந்து வாசற்படியின் மையம்வரை நூல் பிடித்து அந்த வாசல்களை வைத்தார். கீழத்தெருவின் கோடி வீட்டில் வேலை முடிந்த பிறகு, ஆட்கள் போனதும், படியில் உட்கார்ந்து பார்ப்பார். சாய்கிற வெயில் தண்ணீரின் மேல் படிந்து நேராக அவர் காலடிக்கு வரும். தான் கட்டியதா இது என்று இருக்கும்.

அந்த வீட்டைத்தான் சாயிபு அவருக்கே கொடுத்தார்.

மனைவி ஆரோக்கியமேரிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முன் பிறந்த இரண்டும் முகம் பார்த்துச் சிரிக்கிற வயதுக்கு முன்பே போய்விட்டன. இராயப்பன் களி தின்றுகொண்டே வீட்டைப் பற்றிச் சொன்னார்.  அவர் தின்று முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டே மேரி சொன்னாள்:

"நான் அங்க வர்ல. அது தெருக்குத்து."

தெரு நேராக வந்து மோதுகிற வீட்டில் குடி விளங்காது, பிள்ளை தங்காது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. இராயப்பனுக்கும் தெரியும். ஆனால் நூல் பிடித்த நாள் முழுக்க அவர் கண்ணில் வாய்க்கால்தான் இருந்ததே தவிரத் தெரு இல்லை.

"தெருவு இல்ல மேரி. வாய்க்கால் வர்ற வழி."

"வாய்க்கால் ஓரமா ஜனங்க நடப்பாங்களா மாட்டாங்களா?"

"நடப்பாங்க."

"அப்போ தெருவுதான்."

இதெல்லாம் வீண் பயம் என்று கோயிலில் பங்குச் சாமியார் சொன்னதை எடுத்துச் சொன்னார். மோட்ச நகரத்தைக்கூட வேதத்தில் நேராகத்தான் அளந்திருக்கிறது என்றார். மேரி தட்டைக் கீழே வைத்தாள்.

"மோட்சத்துல நேர்த்தெருவு வெக்கலாம்யா. அங்க யாரும் சாவறதில்ல. நான் இங்க ரெண்ட பொதச்சிட்டு ஒக்காந்துகீறேன்."

இராயப்பன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

மற்ற மூன்று கோடி வீடுகளுக்குப் பேர் சொல்லப்பட்டவர்களும் நகரவில்லை. தோலில் சதை சீவுகிற காசி அவர்களில் ஒருவன். "மேஸ்திரி, நீ மொதல்ல குடி போ," என்றான் எல்லார் முன்னிலும். "ஒரு வருசம் பாக்கறோம். நீ நல்லா இருந்தீன்னா பின்னாலயே வர்றோம்." கொட்டகை முழுக்கச் சிரித்தது. இராயப்பனும் சிரித்து வைத்தார்.

வீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சாயிபு கோபப்படவில்லை. மனம் நொந்துதான் போனார். நாலு வீட்டிலும் இருக்கிற நல்ல காட்சியை ஆட்களுக்கு விட்டுக்கொடுத்தேன், அவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றால் யாருக்காகக் கட்டினேன் என்று கேட்டார். பிறகு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, கட்டினவனே குடி வராத வீட்டில் வேறு யார் வருவார்கள், நாலையும் தோல் கிடங்காக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

இராயப்பனுக்கு நடக்கப்போவது அப்போதே மூக்கில் ஏறிவிட்டது. ஒவ்வொரு தெருக்கோடியிலும் உப்புப் போட்ட தோல் அடுக்கியிருக்கும். நாலு தெருவிலும் அந்த நாற்றம் தோட்டம்வரை போகும். பகலில் எதில் நின்றார்களோ அதிலேயே ஜனங்கள் படுப்பார்கள். சில நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு வந்தார்.

மேரியிடம் தான் செய்யப்போவதைச் சொன்னார். தெருவைப் பார்த்த வாசலை அடைத்துவிட்டு, பக்கத்துச் சந்தில் வேறு வாசல் திறப்பது. தெரு வந்து சுவரில் முட்டும், வீட்டுக்குள் வராது. அப்படியானால் வருவாயா என்று கேட்டார்.  வருவேன், ஆனால் அடைப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கிறேன் என்றாள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அழைத்துப் போனார். கவலைக்காரரிடம் சொல்லித் தடாகத்தை நிரப்பி வைத்திருந்தார். மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அந்தப் படியில் உட்கார்ந்தாள். இராயப்பன் அவள் பின்னால் நின்றார். மாதுளை அப்போதுதான் பூத்திருந்தது. தண்ணீர் வழியத் தொடங்கி, தெரு நடுவே சத்தமில்லாமல் நீண்டு வந்து, வீட்டுக்கு முன்னால் இருந்த சின்னத் தொட்டியில் விழுந்தது. அவள் முகத்தில் வெயில் பட்டது. கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெயிலால்தான் என்று இராயப்பன் நினைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான்யா கட்டிகீற," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "செரி, அடச்சிடு," என்றாள்.

அவள் எழுந்து போன பிறகு சுண்ணாம்புக் காரை குழைத்தார். வெறும் வாசலை அடைக்கும் சுவருக்கும் நூல் பிடித்துத் தூக்குக்குண்டு போட்டுத்தான் கட்டினார்.

சாயிபு வந்து பார்த்தார். தெருவில் முழு நீளமும் நடந்து வந்து வெள்ளையடித்த சுவருக்கு எதிரே நின்றார். தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இந்தக் காட்சி யாருக்கு மேஸ்திரி?"

"தெருவுல நடக்கறவங்களுக்கு சாயிபு. நீங்க இப்போ பாக்கல?"

 அதன்பின் தோல் மூட்டைகள் வரவில்லை. மற்ற மூன்று வாசலையும் திருப்பி வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். காசி தன் குடும்பத்தோடு, ஒரு வருஷம் காத்திருக்காமலேயே, மேலத்தெருவின் கோடி வீட்டுக்கு வந்தான்.

சித்திரையில் மேரிக்குப் பெண் பிறந்தது. முகம் பார்த்துச் சிரித்தது, குப்புற விழுந்தது, நடந்தது. வாசலைத் திருப்பியதால்தான் பிள்ளை தங்கியது என்று மேரி சொல்வாள். மேட்டுக் காற்றும் நல்ல தண்ணீரும்தான் காரணம் என்பார் இராயப்பன். இருவரும் கடைசிவரை இதைப் பேசித் தீர்க்கவில்லை.

இப்போது அந்தத் தடாகம் இல்லை. நாளாவட்டத்தில் தொட்டிகளின் உப்பு நிலத்தடியில் பரவிக் கிணறு கரித்துப்போனது. மாதுளைகள் பட்டுப்போயின. ஆனால் அதற்கு முன்னால் நல்ல வருஷங்கள் பல இருந்தன. அந்த வருஷங்களில், வேலை முடிந்து வந்தவர்கள் குளித்துவிட்டு ஒவ்வொருவராக வந்து கோடி வீட்டின் அடைத்த சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவார்கள். தோட்டத்தைப் பார்க்க அந்தத் தெருவில் அதைவிட நல்ல இடம் கிடையாது. பெண்கள் ஒரு பக்கம் கீரை ஆய்வார்கள். பிள்ளைகள் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டிருக்கும். மேரியும் மகளை மடியில் போட்டுக்கொண்டு அங்கேதான் இருப்பாள், சுவரின் நடுவில், வாசல் இருந்த இடத்துக்கு நேராக. தெருக்குத்து வீட்டுக்குத்தானே தவிர, வெளியே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அல்ல என்பது அவள் கணக்கு.

இராயப்பன் வேலையிலிருந்து வரும்போது சுவரோரம் நிறைந்திருக்கும்.

"இன்னாயா நின்னுக்கினே கீற? இவங்கள ஒத்திக்கச் சொல்லட்டா?" என்பாள் மேரி.

வேண்டாம் என்பார். நின்றபடியே ஒருமுறை பார்த்துவிட்டு, சந்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போவார்.