டெய்சியும் ஐந்து தபால் கப்பல்களும்

ரயில் ஊரிகம் ஸ்டேஷனை விட்டு நகர்வதற்குள் டெய்சி காதில் ஒயரை மாட்டி, மடியிலிருக்கும் சாப்பாட்டுப் பைமேல் போனைச் சாய்த்துவைத்துப் படத்தை ஓடவிட்டிருப்பார். முதல் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. பரிசோதகர் வந்தால்கூட நிமிராமல் சீசன் டிக்கெட்டை நீட்டுவார். பதினோராவது நிமிடம் ஒயரைக் கழற்றிவிட்டு, எதிரில் இருக்கும் இன்பராஜைப் பார்த்து, "இன்னாதான் சொல்லுங்கண்ணா, இந்தக் கேப்டன் மாதிரி வராது" என்பார். அன்றைய சண்டை தொடங்கிவிடும்.

நான் மாரிகுப்பத்தில் ஏறுகிறவள். பெங்களூர் போய்ச் சேரும்வரை இந்தச் சண்டையை ஏழு வருடமாகக் கேட்டுவருகிறேன்.

டெய்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில், லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. யார் கண்ணாடியாவது கோணலாக இருந்தால் அவர் கை தானாக நீண்டுவிடும். ஒருமுறை பரிசோதகரின் கண்ணாடியையே கழற்றி, காம்பை இரண்டு வளை வளைத்து, மறுபடி மாட்டிவிட்டார். யாருக்கோ அபராதம் எழுத வந்த அந்த மனிதர், சுற்றிலும் உலகம் நேராகத் தெரிந்த அதிர்ச்சியில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரையில் தட்டை மூக்கோடு ஒரு வேற்றுக்கிரகவாசி வந்தால், டெய்சி கதையை விட்டுவிடுவார். "பாவம், இதுக்கு எந்த ஃப்ரேமும் நிக்காது."

அவர் பார்ப்பது 'ஸ்டார் போஸ்ட்'. விண்வெளியில் தபால் கொண்டுபோகும் கப்பல்களைப் பற்றிய ஆங்கிலத் தொடர். ஒன்றல்ல, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வேறு கேப்டன், வேறு கப்பல், வேறு காலம். ஐந்தையும் டெய்சி ஆறுமுறை முழுதாகப் பார்த்துவிட்டார். இப்போது ஏழாவது சுற்று. இரண்டாவது தொடரின் கப்பல் முழுக்கக் கம்பளம் விரித்திருக்கும் என்பதால் அதற்கு அவர் வைத்த பெயர் 'கல்யாண மண்டபம்'. நான்காவதில் கேப்டன் எதற்கெடுத்தாலும் மீட்டிங் போடுவார். "நம்ப மேனேஜர் மாதிரி. அவர் பேச்சை நான் சம்பளம் வாங்கிக்கினு கேக்கறேன், இவர் பேச்சை எதுக்கு ரீசார்ஜ் பண்ணிக் கேக்கணும்?" ஐந்தாவதில் எல்லாமே இருட்டு. யார் பேசுகிறார் என்று தெரிய டார்ச் வேண்டும்.

டெய்சியின் கட்சி மூன்றாவது தொடர். அதில் கப்பல் முதல் நாளே பழுதாகி, ஒரு சின்னக் கோளில் இறங்கிவிடும். அங்கே தோண்ட வேண்டியதைத் தோண்டி முடித்துவிட்டு கம்பெனி போய்விட்டிருக்கும். ஆட்கள் மட்டும் இருப்பார்கள். கேப்டன் ஒரு பெண்மணி. பழுதான கப்பலையே தபால் ஆபீசாக்கி, அறுபத்தாறு பாகமும் அங்கேயே ஓட்டிவிடுவார்.

"அது நம்ப ஊருதாண்ணா. நம்ப தங்கச் சுரங்கத்தையும் இப்டித்தானே மூடிட்டுப் போனாங்க."

"அதான் சிஸ்டர் நானும் சொல்றேன்," என்பார் இன்பராஜ். "ஊர்ல கீறதையே டிவிலயும் பாக்கறதுக்கு எதுக்கு ராக்கெட்டு? நான் ரெண்டு மணி நேரம் எங்கனா போவணும்."

இன்பராஜ் சிவாஜிநகரில் ஒரு வங்கியில் கடைநிலை ஊழியர். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம். அவர் முதல் தொடரின் ஆள். அதில் பாறைகள் அட்டை என்று பார்த்ததுமே தெரியும். கேப்டன் ஒரு குத்து விட்டால் பாறையும் சேர்ந்து ஆடும். "ஆடட்டுமே. தபால் போய்ச் சேருதா இல்லையா?" இதற்கு டெய்சியிடம் பதில் உண்டு. அந்தப் பதிலுக்கு அவரிடம் பதில் உண்டு. அதற்குள் ஒயிட்ஃபீல்ட் வந்துவிடும்.

சண்டை நின்றுபோனது போன வருடம் ஒரு திங்கட்கிழமை. காரணம் மமதா. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் கன்னடப் பெண். டெய்சியின் தொல்லை தாங்காமல் அவளும் மூன்றாவது தொடரைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

"அங்கிள், ஒந்து டவுட்," என்றாள் இன்பராஜிடம். "ஃபார்ட்டி ஒன்னுல கேப்டன் அந்த லெட்டரை எடுத்துக்கினு போறாங்கல்ல, கடைசியில இன்னா ஆவுது? எனக்கு நடுவுல நெட் போயிடுச்சி."

"இன்னா ஆவும்? அந்தக் கெழவர் கையில லெட்டரைக் குடுத்துட்டு வந்துடுவாங்க. அவரு அழுவாரு."

டெய்சி காதிலிருந்து ஒயரை எடுத்தார்.

"அண்ணா, நீங்க அதைப் பாக்கவே இல்லையா?"

நாற்பத்தொன்றாவது பாகத்தில் அந்தக் கிழவர் இருக்கமாட்டார். கடிதம் வருவதற்கு முந்தின வாரமே இறந்திருப்பார். கேப்டன் அவருடைய காலி அறையில் உட்கார்ந்து, கடிதத்தை உரக்கப் படித்துக்காட்டிவிட்டு வருவார். ஒருமுறை பார்த்தவர்கூட அதை மறக்கமுடியாது.

எனக்கு விஷயம் தெரியும். டெய்சியின் கணவர் எரிக் பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். ஏழு வருடத்துக்கு முந்திய கதை. இருவரும் மூன்றாவது தொடரைக் கடைசி மாதத்தில்தான் பார்த்தார்கள், தினம் ஒன்று, அவர் விழித்திருந்தால் இரண்டு. நாற்பதாவதோடு எரிக் போய்விட்டார். நாற்பத்தொன்றை டெய்சி ஒரு மாதம் கழித்துத் தனியாகப் பார்த்தார். மறுபடி ரயில் ஏறிய அன்று, வேறு யாரிடமும் சொல்லாத அதை, அந்தப் பாகத்தின் கதையை மட்டும் விட்டுவிட்டு, இன்பராஜிடம்தான் சொன்னார்; பக்கத்தில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது. அவரும், "நானும் அதைப் பாத்து அழுதுட்டேன் சிஸ்டர்" என்றார்.

இப்போது இன்பராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "பாக்கல சிஸ்டர். மூணாவதுல நாலு எபிசோட் பாத்தேன், அவ்ளோதான். மீதியெல்லாம் நீங்க சொன்னதை வச்சிக்கினே உங்ககிட்ட சண்டை போட்டேன்."

"அப்போ அழுதேன்னு சொன்னது?"

"அன்னிக்கி உங்களுக்கு யார்னா கூட இருக்கணும் போல தோணிச்சி. அதான் சொன்னேன்."

"கூட இருக்கணும்னா பாத்திருக்கணும்ணா," என்றார் டெய்சி. குரல் உயரவே இல்லை. பங்காருபேட்டை வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பெண்கள் பெட்டிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஒன்பது வாரம் எங்கள் பெட்டி சாவு வீட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருந்தது. சீட்டாடுகிறவர்கள்கூட மெதுவாகத்தான் அட்டையைப் போட்டார்கள். நான் ஒரு நாள் பெண்கள் பெட்டிக்குப் போய்ப் பார்த்தேன். டெய்சி ஒயரை மாட்டியிருந்தார், ஆனால் படம் ஓடவில்லை. "யார்கிட்ட சொல்றதுக்குப் பாக்கறது?" என்றார். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தொடர்களில் பொறுமை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்பராஜ் மூன்றாவது தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை முழ நீளம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, புரியாத இடத்தில் நிறுத்தி, மமதாவிடம் அர்த்தம் கேட்டு, மறுபடி ஓடவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவர் மனைவி பாக்கியவதியைப் பார்த்தேன். "வூட்லயும் அதாம்மா. குழம்பு கொதிக்குதான்னு பாருன்னா, இரு, அந்தப் பொம்பள பாவம்ன்றாரு. எந்தப் பொம்பளைன்னு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்ல," என்றார்.

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை, வண்டி பங்காருபேட்டையில் நின்றபோது இன்பராஜ் இறங்கி, பெண்கள் பெட்டியின் ஜன்னலோரம் போய் நின்றார். டீ வாங்குவதுபோல நானும் பின்னாலேயே போனேன்.

"பாத்துட்டேன் சிஸ்டர். அறுபத்தாறும்."

டெய்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணை மூணு வாட்டி பாத்தேன். பொய் சொல்லக்கூடாது, மொத வாட்டி எனக்கு அழுகை வரல. லெட்டர் படிக்கும்போதும் வரல. மூணாவது வாட்டிதான் கவனிச்சேன். படிச்சி முடிச்சிட்டு எழுந்திரிக்கிறாங்க. போவசொல்ல, அந்தக் கெழவரோட நாற்காலி கோணலா கீதுன்னு நேரா போட்டுட்டுப் போறாங்க. யாரும் வந்து உக்காரப் போறதில்ல. அப்பவும் நேரா போடறாங்க. அங்க வந்துடுச்சி எனக்கு."

வண்டி ஊதியது. அவர் திரும்பி எங்கள் பெட்டியை நோக்கி நடந்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி ஏறினேன். வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன், டெய்சி மூச்சு வாங்க, பையோடு எங்கள் வாசலில் நின்றிருந்தார். மமதா இடம் விட்டாள். இன்பராஜுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அங்கதாண்ணா," என்றார் மெதுவாக.

டேகல் ஸ்டேஷன் தாண்டியது. பெட்டியே காத்திருந்தது. பிறகு இன்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ஆனா ஒண்ணு சிஸ்டர். அறுபத்தாறும் பாத்துட்டுத்தான் சொல்றேன். மொத சீரிஸ்தான் பெஸ்ட்டு. இதுல எல்லாரும் பேசிக்கினே கீறாங்க. ஒருத்தனும் ஒருத்தனையும் ஒரு குத்து வுடமாட்டேன்றான்."

டெய்சி போனை அணைத்துப் பைக்குள் போட்டார். ஜிப்பை இழுத்து மூடினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.