பலா வண்டியும் பதினோரு மணி நேர்காணலும்

பண்ருட்டியில் பஸ்ஸைக் கோட்டைவிட்டதற்கு என் பாழாய்ப்போன தூக்கத்தைத்தான் திட்ட வேண்டும். 2009 ஜூன், காலை ஏழு மணி. சிதம்பரம் கோயிலைப் பார்ப்பதற்கென்றே தேனியிலிருந்து வந்தவன், கொட்டாவி விட்டபடி ரோட்டில் நின்றேன். காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த மினி லாரி நின்றது.

"செதம்பரமா சார்? ஏறுங்க, நானும் அங்கதான் போறேன்" என்றார் ஓட்டுநர் அந்தோணிசாமி. பக்கத்தில் அவர் மகள் ஸ்டெல்லா, மடியில் சான்றிதழ்ப் பை. பல்கலைக்கழகத்தில் விவசாயப் படிப்புக்குப் பதினோரு மணிக்கு நேர்காணல். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். "எங்க வூட்லயே காலேஜ் வாசல மிதிக்கப்போற மொத ஆளு சார்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடலூரில் கொஞ்சம் பழத்தை இறக்கிவிட்டு முதுநகரைத் தாண்டியதும் குறுக்கே ஒரு கை நீண்டது. போலீஸ். முந்தின நாள் எவனோ ஒரு புண்ணியவான் பாண்டிச்சேரி சாராயத்தைப் பலாப்பழத்துக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறான். அந்தப் பழ வாசனையில் வேறெதுவும் மூக்குக்கு எட்டாதே! அதனால் அன்றைக்குப் பலா வண்டியெல்லாம் சந்தேக வண்டி.

ஏட்டய்யா பழங்களை இறக்கித் தட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்ப ஏற்றவும் அவரே கைகொடுத்தார். கையில் ஒட்டிய பாலைத் துடைக்க அந்தோணிசாமி தேங்காய் எண்ணெய் கொடுத்தார். ஆனால் ஏட்டய்யா போகச் சொல்லவில்லை. ஒன்பதரை ஆகிவிட்டது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தேடினீங்க, ஒண்ணுமில்ல. இன்னும் எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"எனக்கும் புரியுது சார். எஸ்.ஐ. பாக்காம வுடக்கூடாதுன்னு ஆர்டர். எவ்ளோ நேரம்னு எனக்கே சொல்ல மாட்டேங்குறாங்க."

ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வண்டியத்தான நிறுத்தச் சொன்னாங்க? பொண்ண நிறுத்தச் சொல்லலியே!"

"சார், நீங்க கூடப் போங்க" என்று அந்தோணிசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு? கார்டு காட்டுங்க." நானும் அவருக்குச் சந்தேக வண்டிதான். வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷமாக அடையாள அட்டையை நீட்டினேன்.

அங்கே எந்த பஸ்ஸும் நிற்காது. எங்களை மறித்த அதே கையை ஏட்டு நடுரோட்டில் நின்று நீட்டினார். எக்ஸ்பிரஸ் பஸ் பிரேக் போட்டுக் கத்தியது. சிதம்பரம் இன்னும் நாற்பது கிலோமீட்டர். பத்தே முக்காலுக்குப் போய் இறங்கி ஆட்டோவில் பறந்தோம். மூன்றாவதாகவே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் என் போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். "சீட் கெடச்சிடுச்சிப்பா!" மறுமுனையில் அவர் யாரையோ பார்த்துக் கத்துவது எனக்கே கேட்டது: "ஏட்டய்யா, எம் பொண்ணுக்கு சீட்டு!" அதுவரைக்கும் அந்தோணிசாமியின் வண்டியை விட்டிருக்கவில்லை.

நான் கோயிலை விட்டுவிட்டு அவளோடு பல்கலைக்கழக வாசலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தேனிப் பக்கமும் மலையிறங்கும் வண்டியை மறிப்பார்கள்; சலித்துக்கொண்டு தூங்கிவிடுவேன். இனிமேல் தூக்கம் வராது. நாலு மணிக்கு லாரி வந்தது.

"எஸ்.ஐ. ரொம்ப நேரம் சோதன போட்டாராப்பா?"

"இல்லம்மா. ஜீப்புலேந்து எறங்கவே இல்ல. கண்ணாடிய எறக்கிப் பாத்தாரு, போவச் சொல்லிட்டாரு."