அரை மணி நேரம் முன்னால் ஓடிய பிழை

"பிழை பார்க்கிறதுக்கு வெளிநாட்டில எத்தினையோ ஆக்கள் இருக்கினம். நீர் ஏன் பிள்ளை உதுக்குள்ள போய் மினக்கெடுறீர்?"

இப்படிக் கேட்டவர் ஹட்டனில் நான் வேலைபார்த்த கணினிப் பயிற்சி நிலையத்தின் உரிமையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். நிலையத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவர் 'சேர்'. கேலியாகக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். அவர் உண்மையான கவலையோடு கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

நான் அங்கே தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். கடிதம் எழுதுவது, அதற்குக் கோடு போட்ட ஓரம் வைப்பது, அச்சிடுவது. வருடம் முழுவதும் அதே கடிதம். மாணவிகள் மாறினார்கள், கடிதம் மாறவில்லை. அந்த நேரத்தில்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து எழுதுகிற ஓர் இயங்குதளத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அரைகுறையாக ஒரு பரிசோதனைப் பதிப்பை விடுவார்கள். அதை ஓட்டிப் பார்த்து, கண்ணில் படுகிற பிழைகளை எழுதி அனுப்பும்படி எல்லோரையும் கேட்பார்கள்.

அந்த அழைப்பை வாசித்தபோது அது எனக்கென்றே எழுதப்பட்டதாகப் பட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தத் தகுதியில் அதுவரை தேயிலைத் தோட்டத்து அறிவித்தல் பலகையிலும், கோயில் திருவிழா நோட்டீசிலும், சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைகளிலும் பிழை கண்டுபிடித்து வந்திருந்தேன். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டாலே பத்திரிகையை ஒளித்துவைப்பார்கள். இனி உலகத்தின் பிழைகளைத் திருத்தலாம் என்று நினைத்தேன்.

சேரிடம் நான் கேட்டது ஒன்றுதான். சனிக்கிழமைகளில் அந்த இயங்குதளத்தைப் பற்றி ஒரு வகுப்பு நடத்த எனக்கு அனுமதி வேண்டும். தட்டச்சு இல்லாத, என் சொந்த வகுப்பு.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஒரு கதை சொல்லுறன். நீர் அனுப்புற பிழையில ஒண்டையாவது அவங்கள் பிழை எண்டு ஒத்துக்கொள்ளட்டும். பிறகு வகுப்பைப் பற்றிக் கதைப்பம்."

"ஒன்னு போதுங்களா சேர்?"

"ஒண்டு காணும்."

நிலையத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினி ஒன்றைச் சம்பளத்தில் கழித்து வாங்கி, கொட்டகலைக்கு மேலே இருந்த எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று, இரண்டு அறை. முன்னறையில் அப்பா படுக்கும் கட்டிலுக்கும் சாமிப் படங்களுக்கும் நடுவில் அதற்கு இடம் கிடைத்தது. வந்த அன்றே அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். வீட்டில் இணைய இணைப்புக் கிடையாது. பதிப்பை ஹட்டனில் இறக்கி இறுவட்டில் பதிந்து வருவேன். வீட்டில் ஓட்டிப் பார்த்து எழுதிய அறிக்கையைப் பென் டிரைவில் எடுத்துப்போய் மறுநாள் ஹட்டனிலிருந்து அனுப்புவேன்.

முதல் வாரத்திலேயே பிழை மாட்டியது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பிழை.

மாலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் கணினியைப் போட்டுவிட்டு, அது எழுந்து வருவதற்குள் பொதுக் குழாயடியான பீலியில் முகம் கழுவி, ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவது என் வழக்கம். திரும்பி வந்து பார்த்தால் திரையின் மூலையில் உள்ள நேரம் சரியாக அரை மணி முன்னால் நிற்கும். கணினியை நிறுத்தி, மறுபடி போட்டு, முதலில் வருகிற நீலத் திரையில் என் கைத்தொலைபேசியைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்வேன். அதோடு தொல்லை முடியாது. இயங்குதளம் வன்தட்டைப் பார்க்கும். அந்தத் தட்டு கடைசியாகப் பாவிக்கப்பட்ட நேரம் இன்னும் வரவே இல்லை என்று அதற்குப் படும். இப்படி ஒரு நேரம் இருக்க முடியாதே என்று பயந்து, தட்டு முழுவதையும் ஆதியிலிருந்து அந்தம் வரை சோதிக்கத் தொடங்கும். அது முடியும்வரை திரை கறுப்பாகக் கிடக்கும். நாங்கள் சோறு சாப்பிட்டு, தட்டுக் கழுவி வைத்த பிறகும் கறுப்பாகவே கிடக்கும்.

ஒரு நாள் என்றால் விட்டிருக்கலாம். ஒவ்வொரு மாலையும் நடந்தது. அரை மணியில் ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை.

காரணத்தையும் நானே கண்டுபிடித்தேன். முந்தைய சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணி பின்னுக்குக் கொண்டுபோயிருந்தது. பத்து வருடங்களுக்கு முன் முன்னால் தள்ளிய அதே அரை மணி. வெளிநாட்டில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர்களுக்கு இலங்கையின் புது நேரம் தெரியாமல் இருக்கும். பழைய கணக்கையே வைத்து ஓட்டுகிறார்கள். எவ்வளவு தெளிவான விளக்கம்! நான் அறிக்கையில் பிழையை நான்கு வரியிலும், எங்கள் நாட்டு நேர மாற்றங்களின் வரலாற்றை இரண்டு பக்கத்திலும் எழுதினேன். சூரிய உதயத்தைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது.

பதில் எழுதியவர் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற ஒருவர். எந்த நாடு என்று தெரியாது. மரியாதையாக எழுதியிருந்தார். இலங்கையின் புதிய நேரம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது, அவருடைய கணினியில் இலங்கை நேரத்தை வைத்துப் பார்த்தும் பிழை வரவில்லை, நான் ஒரு கட்டளையை ஓட்டி அதன் விடையை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அனுப்பினேன். நேர அட்டவணை சரியாகத்தான் இருந்தது. அடுத்து, தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஹட்டன் கடைத்தெருவில் கைக்கடிகாரம் திருத்துகிறவரிடம் வாங்கி மாற்றினேன். அரை மணி அசையவில்லை.

"என்ன, ஒத்துக்கொண்டாங்களோ?" என்று சேர் தினமும் கேட்டார்.

"இன்னும் விசாரணை நடக்குதுங்க சேர்."

"கொலை வழக்குப் போல."

மூன்றாவது கடிதத்தில் அந்த மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். இந்தக் கணினியை வேறு யாராவது பாவிக்கிறார்களா?

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் வாழ்க்கையிலேயே மிக அழகான ஆங்கில வாக்கியத்தை எழுதினேன். என் குடும்பத்தில் கணினியை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே என்றும், மற்றவர்கள் அதைத் தொடுவதற்கே தயங்குவார்கள் என்றும், கடவுச்சொல் இல்லாமல் நேரத்தை மாற்றவும் முடியாது என்பதை அவருக்கு நினைவூட்ட விரும்புவதாகவும் அதன் பொருள். உலகம் முழுவதும் வாசிக்கக்கூடிய பக்கம் அது. இப்போதும் அந்த வாக்கியம் அங்கே இருக்கிறது. இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது.

அதற்கு மறுநாள் பீலியில் தண்ணீர் வரவில்லை. மேலே எங்கோ குழாய் உடைந்திருந்தது. வெறுங்குடத்தோடு போன வேகத்தில் திரும்பி வந்தேன்.

முன்னறையில் அம்மா கணினிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கொழுந்துக் கறை படிந்த விரல் மவுஸின்மேல் இருந்தது. திரையில் நேரத்தை மாற்றும் சிறு பெட்டி திறந்திருந்தது. அம்மா நிமிடத்துக்குப் பக்கத்திலிருந்த அம்புக்குறியை, வாயால் எண்ணியபடி, ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா! என்னா பண்றீங்க?"

அம்மா திரும்பவில்லை. "இரு, எண்ணிக்க விட்டுப் போயிரும்."

எண்ணி முடித்தார். பெட்டியை மூடினார். பிறகுதான் என் பக்கம் பார்த்தார். "ஒன் பொட்டியில மணி பின்னாடியே கெடக்கு. நானும் டெய்லி சரி பண்ணி வைக்கிறேன். நீ டெய்லி கெடுத்து வைக்கிற. என்னாதான் படிச்சியோ."

"சரி பண்றீங்களா? எதப் பாத்து?"

அம்மா சுவரைக் காட்டினார்.

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம். நாட்டின் நேரம் முன்னால் போன வருடம் ஸ்டூலில் ஏறி அதை மாற்றியவர் அம்மா. பத்து வருடம் கழித்து நேரம் பின்னால் வந்தபோது அவர் ஏறவில்லை. காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடிகாரம் அரை மணி முன்னால் ஓடினால் பிந்தவே முடியாது. எங்கள் லயத்தில் அநேகமாக எல்லா வீடுகளிலும் அப்படித்தான் ஓடியது. எனக்கும் தெரியும். ஆனால் கைத்தொலைபேசி வாங்கிய பிறகு நான் சுவரைப் பார்ப்பதில்லை. அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் வெளிநாட்டுக்காரருக்கு இலங்கை நேரத்தின் வரலாற்றை எழுதியிருந்தேன்.

"ஒரே வீட்டுல ரெண்டு மணி ஓடுனா வெளங்குமா?" என்றார் அம்மா.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. "பாஸ்வேர்ட் கேக்குமேம்மா. அது எப்புடி?"

"என்னமோ கேக்கும். நீ என் பேர் நம்பரத்தான தட்டுற? வெரல் போற எடத்த பாத்தா தெரியாதா? எத்தன வருஷமா அந்த நம்பரச் சொல்லித்தான் எனக்குக் கொழுந்து நிறுக்குறாங்க."

கட்டிலில் படுத்திருந்த அப்பா போர்வைக்குள்ளிருந்து சிரித்தார். "இந்த வம்புக்குத்தான் நான் அந்த பொட்டி பக்கமே போறதில்ல" என்றார்.

அம்மாவுக்கு எழுத வராது, ஆனால் எண்கள் வரும். நான் மவுஸைப் பிடிக்கும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறார். நான் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டதில்லை. காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. அவருடைய எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்ததைப் பாசம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஹட்டனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அறிக்கையைச் சத்தமில்லாமல் கைவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் இன்னும் தேடிக்கொண்டே இருப்பார். வேறு வழியில்லாமல் எழுதினேன். கணினியை இன்னொருவர் பாவிப்பது தெரியவந்தது, அவர் என் அம்மா, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார், மன்னிக்கவும். இந்த முறை அகராதி தேவைப்படவில்லை.

அறிக்கையின் தலையில் 'இது பிழை அன்று' என்று முத்திரை விழுந்தது. கீழே அவர் எழுதியிருந்தார். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். நேரத்தை மாற்றும் பெட்டி அவருக்கு எளிதாக இருந்ததா? இன்னொன்று. திரை கறுப்பாகவே கிடந்தது என்று முதல் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சோதனை எவ்வளவு தூரம் முடிந்தது என்று அங்கே எழுத்தில் வந்திருக்க வேண்டும். அதைத் தனியாக எழுதி அனுப்புவீர்களா?

என்னுடைய இரண்டு பக்க வரலாற்றுக்கு நடுவே அந்த ஒரு வரியைத் தேடி எடுத்திருக்கிறார்.

அன்று மாலை முகம் கழுவப் போகவில்லை. அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்தேன். "திரை கறுப்பா இருக்கையில நீங்க என்னா நெனச்சீங்க?"

"செத்துப் போச்சுன்னு நெனச்சேன். நீ இல்லாத நேரம் ஒரு நாள் அப்புடிக் கெடந்துச்சு. பிளக்க புடுங்கிட்டேன்."

"புடுங்கிட்டீங்களா?"

"செத்தத எதுக்கு கரண்டுல மாட்டி வைக்கணும்? பில்லு யாரு கட்றது?"

தட்டைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் உள்ளே இருப்பதெல்லாம் போகக்கூடும். அதுதான் உண்மையான ஆபத்து என்று அப்போதுதான் உறைத்தது. அம்மா சொன்னதை ஒன்றும் சேர்க்காமல் எழுதினேன். கறுப்புத் திரையைப் பார்த்த ஒருவர், கணினி செத்துவிட்டதென்று நினைத்து மின்சாரத்தைப் பிடுங்கினார். அந்தத் திரையை எப்படி வரவைப்பது என்பதற்கு மூன்று வரி. வரலாறு இல்லை. அன்றே அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கும் திறந்தேன். அதற்குள் போனால் மணி சுவரோடு ஒத்து ஓடும். என் கணக்கில் நாட்டோடு ஒத்து ஓடும். கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

அந்த வாரம் முடிவதற்குள் முன்பின் தெரியாத இரண்டு பேர் தங்கள் கணினிகளிலும் அப்படியே நடக்கிறது என்று எழுதினார்கள். அறிக்கையின் தலையில் 'உறுதி செய்யப்பட்டது' என்று வந்தது. அதை அச்சிட்டுச் சேரின் மேசையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "மொத்தம் எத்தினை அனுப்பினீர்?"

"ரெண்டுங்க சேர்."

"ஒண்டுதானே இதில இருக்கு. மற்றது?"

"மத்தது எங்கம்மாங்க சேர்."

முழுக் கதையையும் சொல்லவேண்டி வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையில் சிந்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வகுப்புத்தானே... வாற மாதம் பாப்பம்" என்றார்.

நான் தலையாட்டினேன். வாசல் கதவில் என் வகுப்பு நோட்டீஸை அன்று காலையிலேயே ஒட்டியாகிவிட்டது. முன்வரிசைக் கணினிகள் மூன்றிலும் பரிசோதனைப் பதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வருவதாக டிக்கோயாவிலிருந்து ஒரு பெண் பெயரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.