பால்கடை மாடியில் பாலில்லாத பால்கோவா

இனிப்பு விற்கிற தொழிலில் வாங்குகிறவர்களைவிட யோசனை சொல்கிறவர்கள்தான் அதிகம். அதிலும் பாலும் நெய்யும் சேர்க்காமல் வீகன் இனிப்பு விற்கப் புறப்பட்டால், கூரியர் கொடுக்க வந்தவர்கூட நின்று நிதானமாக ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போவார். ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கமாகியிருக்கும். புதிதாக இறங்க நினைப்பவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

என் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். புனேயில், போபோடியில், எங்களுக்குப் பால்கடை. கீழே கடை, மாடியில் வீடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் மாமனார் போட்ட கடை அது. ஞாயிற்றுக்கிழமை அவர் கிண்டும் பால்கோவாவுக்குத் தெருவே காத்திருக்கும்; தெருவுக்கே அவர் 'காகா', மராட்டியில் சித்தப்பா. எங்கள் வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ, பிள்ளைகள் பாஸ் பண்ணினாலோ, முதலில் வாயில் விழுவது அந்தப் பால்கோவாதான். அப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்த என் மகள் தர்ஷினிக்குப் பால் ஆகாது. ஒரு வாய் உள்ளே போனால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். பால், தயிர், நெய் எதுவுமே கூடாது என்று டாக்டர் சொன்னபோது மாமனார் நம்பவில்லை. "பால்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பால் ஆகாதா? டாக்டரை மாத்துங்கப்பா" என்றார். மாற்றினோம். புது டாக்டரும் அதையே சொன்னார். சரி, பால்கோவாவை மாற்றிப் பார்ப்போம் என்று நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

வாடகை வீடு

முதலில் வெறும் தேங்காய்ப்பாலைக் காய்ச்சினேன். அது வற்ற வற்ற எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்து கடாயில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டன. அடுத்து சோயா பால். அதன் வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு முந்திரியை ஊற வைத்து அரைத்துக் கிண்டினேன். ருசி பரவாயில்லை, ஆனால் கரண்டியை விட்டு வரவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டதில் ஒரே ஒரு நன்மை. எங்கள் ஊர்ப் பால்கோவாவின் அந்த இளம்பழுப்பு நிறம் தானாக வந்துவிட்டது. பார்க்கப் பால்கோவா, தொட்டால் கோந்து.

என் கணவர் முருகேசன் சாதுவான மனிதர். எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு இறங்கிவிடுவார். அன்றைக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டு வெகுநேரம் தாடையை அசைத்துக்கொண்டே இருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார், கடாயைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்: "பூசினா நல்லாத்தான் பிடிக்கும். ஆனா வாடகை வீடு பாரு, ஓனர் ஏதாவது சொல்லுவாரு."

தண்ணி

கடைசியில் வழி பிறந்தது சுரைக்காயில். சுரைக்காயைத் துருவி, ஒட்டப் பிழிந்து, முந்திரி விழுதும் தேங்காய்ப்பாலும் சேர்த்து நிதானமாகக் கிண்டினால் பால்கோவாவின் மணல்மணலான பதம் அப்படியே வருகிறது. தர்ஷினி கடாயைச் சுரண்டித் தின்றாள். இரண்டு நாள் அவளைக் கண்காணித்தோம். ஒரு தடிப்பு இல்லை. தெரிந்தவர்கள் கேட்க, அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்க, டப்பாவில் போட்டு விற்க ஆரம்பித்தேன்.

பெயர் வைப்பதில்தான் சண்டை. "பால் இல்லாத சாமானுக்குப் பால்கோவான்னு பேர் வச்சா, நாளைக்கு என் பால்கோவாவுலயும் பால் இருக்கான்னு கேப்பான்" என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். நியாயம்தானே என்று 'பால்'-ஐ எடுத்துவிட்டு வெறும் 'கோவா' என்று லேபிள் ஒட்டி, கடையில் ஒரு ஓரத்தில் வைத்தேன்.

பக்கத்துத் தாபோடியிலிருந்து ஒரு காலேஜ் பையன் வந்தான். தமிழ்ப் பையன், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஆண்ட்டி, இது கோவால இருந்து வருதா? உள்ள தண்ணி கலந்திருக்குமா?" என்று கேட்டான். தண்ணி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கல்லாவில் இருந்த மாமனார் எழுந்துவிட்டார். ஆயுசெல்லாம் கேட்டு நொந்த கேள்வியாயிற்றே! "யாரைப் பாத்துடா தண்ணி கலக்கறியான்னு கேக்குற?" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்ட, பையன் இரண்டு அடி பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்: "அரே தாத்தா, பால்ல கலக்கற தண்ணி இல்ல, அடிக்கற தண்ணி!"

சுரைக்காய்

அதன் பிறகு 'முந்திரிக் கோவா' என்று பெயரை மாற்றி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் அச்சடித்தேன். சுரைக்காய்க்கு இந்த ஊரில் 'தூதி' என்று பெயர். எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதானே என்று அப்படியே போட்டுவிட்டேன்.

புனேயிலேயே பாணேர்ப் பக்கம் புதிதாகக் குடிவந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் டப்பாவோடு நேரில் வந்துவிட்டார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மரியாதையான மனிதர். "ஏனுங்க, பால் இல்லீன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? இந்திக்காரங்க பாலை தூத்ங்கறாங்க. இதுல தூதின்னு எழுதியிருக்கீங்களே?" என்று டப்பாவை என் முன்னால் நீட்டினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது பால் இல்லை, நம் ஊர்ச் சுரைக்காய் என்று விளக்கினேன். அவர் முகம் தெளியும் என்று பார்த்தால் இன்னும் வாடிவிட்டது. டப்பாவைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சுரைக்காய்ங்களா? இதுக்குப் பாலே தேவலைங்க. எங்கூட்ல சுரைக்காய்னு தெரிஞ்சா ஒருத்தரும் தொட மாட்டாங்க."

ஆரோக்கியம்

இனிப்பு குறைவு, நெய் கிடையாது, நாட்டுச்சர்க்கரை, ஹெல்தி என்று டப்பாவில் போட்டிருந்தேன். இதையெல்லாம் சொன்னால் வாங்குகிறவர்கள் 'ஹெல்தி' என்ற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார்கள். பாணேர்ப் பெண் ஒருவர், தினமும் காலையில் ஓடுகிறவர், அரைக் கிலோ டப்பா வாங்கினார். இரண்டே நாளில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வீட்டில் விருந்தாளிகள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் போன் வந்தது. எடை கூடிவிட்டதாம். டப்பா முழுக்கத் தான் ஒருத்தியே சாப்பிட்டதாகவும், அரிசி சப்பாத்தியை எல்லாம் நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக இதைத்தான் சாப்பிட்டதாகவும் சொன்னார். முந்திரி முந்திரிதானே அம்மா, ஒரு துண்டுக்கு மேல் போனால் உடம்பு போடத்தான் செய்யும் என்று நயமாகச் சொன்னேன். அதற்கு அந்தப் பெண் கேட்டார்: "ஹெல்தின்னு போட்ட நீங்க, எத்தனை சாப்பிடற வரைக்கும் ஹெல்தின்னும் போட வேண்டாமா?"

ஒரு கரண்டி நெய்

இதுவரை சிரித்துக்கொண்டே சொன்னேன். இது நடந்த அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

பாணேரில் ஒரு மராட்டிக் குடும்பம். அவர்கள் பையனுக்கும் தர்ஷினி மாதிரியே பால் ஆகாது. அவன் பிறந்தநாளுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார்கள். மத்தியானம் டப்பாக்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலம் கடாயைத் தேய்க்க உட்கார்ந்தேன். மாமனார் மாடிக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி. "இன்னிக்குப் பாணேர்க்காரங்க உன்னைக் கொண்டாடப் போறாங்க தாயி. நீ போன் பேசப் போன நேரத்துல ஒரு கரண்டி நெய் விட்டேன். இப்பத்தான் அதுக்கு ஒரு வாசனையே வந்துச்சு" என்றார்.

தேய்ப்பதை விட்டு எழுந்தேன். "மாமா, அந்தப் பையனுக்கும் நம்ம தர்ஷினிக்கு வர்ற மாதிரியே வரும்" என்றேன். சாய்ந்திருந்தவர் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வீகன் என்பதெல்லாம் பணக்காரர்கள் உடம்பு இளைக்கச் செய்கிற பேஷன் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். தன் பேத்திக்கு என்றால் அந்தக் கரண்டியைக் கையால் தொட்டிருக்க மாட்டார்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். பிறந்தநாள் வீடு, யார் காதில் விழப் போகிறது? ஆட்டோ பிடித்தோம். "நீங்க வேண்டாம் மாமா" என்றேன். அவர் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாதி வழியில் வரும் ஔந்த் தாண்டும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் நான் போனை அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் டிரைவரின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

பலூன்கள் கட்டிய ஹாலில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தட்டிலும் கோவா. பிறந்தநாள் பையன் ஒரு துண்டைக் கையில் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். மாமனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினார். பையன் வீறிட்டான். ஓடிக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். அவன் அம்மா ஓடி வந்தாள். மாமனார் சுத்தமான மராட்டியில், சத்தமாக, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நெய் விட்டது நான். இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. என்னைத் திட்டுங்கள்."

அந்த அம்மா பையன் வாயைத் திறந்து பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். அவன் இன்னும் கடிக்கவே இல்லை. அப்புறம்தான் அவளுக்குக் கண் கலங்கியது. வாசல் பக்கம் கையைக் காட்டினாள். டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அவளை மட்டுமல்ல, தொழிலையே இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது மாமனார் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு மாதம் கழித்து அவளே போன் செய்தாள். அவர்கள் கல்யாண நாளுக்கு ஒரு கிலோ வேண்டும் என்றாள். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "ஒரே ஒரு கண்டிஷன். நீங்க செய்யற அன்னைக்கு அந்தக் காகா ஊர்லயே இருக்கக் கூடாது."

காவல்

அவள் கண்டிஷன் போட்டிருக்கவே வேண்டாம். அதற்குள் மாமனார் தானாகவே எனக்குத் தனிக் கடாய், தனிக் கரண்டி, தனித் துணி எல்லாம் வாங்கிவந்து, கடாயின் காதில் சிவப்புக் கயிறும் கட்டிவிட்டார். நான் கிண்டுகிற நாளில் மாடிப்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நெய் டின்னோடு யாரும் அவரைத் தாண்ட முடியாது. தயிர் அளந்த கையோடு சாப்பிட மேலே வந்த முருகேசனைப் படியிலேயே நிறுத்திச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். இவர் கழுவிவிட்டு வந்தார். முழங்கைவரை கழுவவில்லை என்று திருப்பி அனுப்பினார். மனிதர் இரண்டாம் தடவை ஈரக் கையோடு வந்து என்னிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்லகூட விட்டுருவாங்க போல. எங்கப்பாவைத் தாண்டிச் சோறு திங்க முடியலை."

வரிசை

எங்கள் தெருவில் கணபதி வைப்பார்கள். பத்து நாளும் சாயங்காலம் ஆரத்தி, ஆளுக்கொரு நாள் பிரசாதம். எங்கள் முறை வந்தால் மாமனாரின் பால்கோவா. தர்ஷினி வருஷா வருஷம் வரிசையில் நின்று, இரண்டு கையாலும் பேடாவையோ பால்கோவாவையோ வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேராக என்னிடம் வந்து என் கையில் வைத்துவிட்டுப் போவாள். அழ மாட்டாள், கேட்க மாட்டாள். எனக்குத்தான் அதைத் தின்ன மனசு வராது.

இந்த வருஷம் எங்கள் முறைக்கு முதல் நாள் மாமனார், "உன்னோடதையே செஞ்சிரு தாயி" என்றார். எனக்குப் பயம். தெரு முழுக்க அவர் பால்கோவாவுக்காக வருகிற கூட்டம், சுரைக்காய் என்று தெரிந்தால் என்ன சொல்லுமோ? "நீ செய். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார். தட்டை அவரே தூக்கிக்கொண்டு போனார். எதிர் வீட்டு அம்மா ஒரு வாய் போட்டுவிட்டு, "காகா, இந்தத் தடவை பால் நல்ல பாலா இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டதற்கு, பால்காரரான என் மாமனார் அசையாமல், "அது பெரிய இடத்துப் பால்" என்றார்.

நான் எங்கள் வாசற்படியில் நின்று, தர்ஷினி என்னிடம் வருவாள் என்று பழக்கத்தில் கையை நீட்டிக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கணபதிப் பந்தலில் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்த, என்னை வஹினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற நிதின் என்ற பையன் கூட்டத்தின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினான்: "வஹினி, உங்க பொண்ணு மூணாவது தடவையா வரிசையில நிக்குது. செய்யறது நீங்கதானே, வீட்ல பிள்ளைக்குக் குடுக்கவே மாட்டீங்களா?"

ஆகமொத்தம் இந்தத் தொழிலில் நான் கண்டது இதுதான்: பால் இல்லாமலும் நெய் இல்லாமலும் பால்கோவா கிண்டிவிடலாம், குறை சொல்ல நாலு பேர் இல்லாமல்தான் அது கடாயை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.