ரூல்ஸில் இல்லாத பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "ராத்திரி இன்னா சாப்ட்ட?" என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான். பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலை எனக்கு. ஒரு கல்யாணப் பார்ட்டி வந்து உட்கார்ந்தால் புடவையை மலையாகக் குவித்துவிட்டு "அப்புறம் வர்றோம்" என்று எழுந்து போய்விடும், அத்தனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும், இதில் ஆவியைப் பற்றி யோசிக்க எனக்கு ஏது நேரம். ஆனால் ஓரிக்கைப் பக்கம் எங்கள் வீட்டுக் கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் என் மருமகனைக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை மிலிட்டரியில் இருந்தவர். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, சிப்பாயாகப் போய், நாயக்காகத் திரும்பி வந்தார். நாயக் ஒன்றும் பெரிய பதவி இல்லை, ஆனால் அவர் நடையைப் பார்த்தால் ஜெனரல் என்று நினைப்பீர்கள். ஊருக்கு வந்த பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் செக்யூரிட்டி வேலை. பனிமலையில் இருந்தபோது காதுக்குள் போன குளிர் இன்னும் வெளியே வரவில்லை என்று சொல்லி, கத்திரி வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்ற மாட்டார். இடது கக்கத்தில் எப்போதும் டார்ச் லைட், பட்டப்பகலிலும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. யார் வந்தாலும் உள்ளேயிருந்து, "தம்! ஹுக்கும்தார்!" என்று ஒரு அதட்டல். நில், யார் அங்கே என்று அர்த்தமாம். வெள்ளைக்காரன் இங்கிலீஷில் 'ஹூ கம்ஸ் தேர்' என்று கேட்டது நம் ஆட்கள் வாயில் புகுந்து ஹுக்கும்தார் ஆகிவிட்டது என்பார். வந்தவர் "தோஸ்த்", அதாவது நண்பன், என்று பதில் சொன்னால்தான் "பாஸ்", அதாவது போகலாம், என்று தாழ்ப்பாளை எடுப்பார். பால்காரர் சொன்னார், சிலிண்டர் போடுகிறவர் சொன்னார், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கைகூப்பிக்கொண்டே கோரஸாகச் சொன்னார்கள். சொல்லாதவள் நான் ஒருத்திதான்.

"யோவ், உன் பொண்டாட்டிதான்யா, தொற."

"தோஸ்த்னு சொல்லு அஞ்சல."

"நான் உனக்கு தோஸ்த்தா? புள்ள பெத்துக் குடுத்தவய்யா நானு!"

"பொண்டாட்டின்னு ஒரு பதிலு ரூல்ஸ்லயே கிடையாது."

முணுமுணுத்துக்கொண்டே திறப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே சண்டைதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்வலி வந்து படுத்தபோது, ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்றவன் யாருன்னு பாக்காம கேட்டத் தொறக்காத" என்றார். அதுதான் கடைசி ஆர்டர்.

அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே கவலை எங்கள் மகள் ரேவதியின் கல்யாணம். வயது முப்பதை நெருங்குகிறது. தரகர் ஒரு நல்ல இடம் சொன்னார், பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்கள். கேசரி கிளறி, பஜ்ஜி போட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், யாரும் வரவில்லை. அவர்கள் போன் ஸ்விட்ச் ஆஃப். அடுத்து வந்த இடமும் அப்படியே. இரண்டாவது தடவை ஆறிப்போன பஜ்ஜியை நாங்களே தின்றோம். ரேவதி உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மூன்றாவதாக முரளி. திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம், போர்வெல்லுக்கு மோட்டார் இறக்குகிற வேலை. இந்த முறை கேசரியோடு நிறுத்திக்கொண்டேன், பஜ்ஜிதான் ராசியில்லை என்று பட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மாவையும் தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு முரளி சிரித்தபடி உள்ளே வந்தான். தாய்மாமன் முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

"உங்க வூட்ல செக்யூரிட்டி ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு அத்த" என்றான் முரளி.

"எந்த செக்யூரிட்டிப்பா?"

"கேட்டாண்ட ஒரு பெரியவரு. குரங்குக் குல்லா போட்டுக்கினு, டார்ச்ச கக்கத்துல சொருவிக்கினு நிக்கறாரே. தம்முன்னாரு, மாமா ஆடிப்போய்ட்டாரு, வா போய்டலாம்னாரு. எங்கூட வேல செய்ற பசங்க இந்திக்காரப் பசங்க, அந்தப் பழக்கத்துல நான் பாட்டுக்கு தோஸ்த்துன்னேன். பாஸுன்னு தொறந்து உட்டாரு. அவரையும் கூப்புடுங்க, ஒரு காபி சாப்புடட்டும்."

அக்கம்பக்கத்தில் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அதற்குள் முரளி சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் சிப்பாயாகச் சேர்ந்த புதிதில் எடுத்தது, அரும்பு மீசை, குல்லா கிடையாது.

"இவுரு யாரு அத்த, அந்தப் பெரியவரோட புள்ளயா? அப்டியே உரிச்சி வெச்சிருக்காரு!"

உள்ளே ரேவதி கையிலிருந்து காபித் தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

அவர்கள் போன பிறகு தரகருக்குப் போன் போட்டேன், முதலில் வருவதாகச் சொன்ன அந்த இரண்டு வீட்டாருக்கும் என்னதான் ஆயிற்று என்று. மனுஷன் என் மேல் பாய்ந்தார். "வந்தாங்கம்மா! ரெண்டு வூட்டுக்காரங்களும் கேட்டு வரைக்கும் வந்தாங்க! உங்க வூட்டு வாட்ச்மேன் இந்தில திட்டி அனுப்சிட்டாராம்! ஆள வெச்சி தொரத்தறதுக்கு இன்னாத்துக்குமா பொண்ணு பாக்கக் கூப்புடறீங்க?"

போனை வைத்துவிட்டு ரேவதி போட்டோவுக்கு எதிரில் போய் நின்றாள். "நைனா, உனுக்கே இது நல்லாக்குதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், அப்புறம் விசும்பி விசும்பி அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கே முரளிக்குச் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டோம், கடைசி ஆர்டரைக் கொடுத்தவரே ஆளைப் பார்த்து அனுப்பியிருக்கும்போது நான் என்ன சொல்வது.

கல்யாணம் முடிந்து ரேவதி புருஷன் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாள் கழித்து, நல்ல கத்திரி வெயில் காலம், சாயங்காலம் கடைவிட்டு வருகிறேன், இரண்டு கையிலும் பை. கேட்டின் மேல் கையை விட்டு உள்பக்கத் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும், பையை எங்கே வைப்பது என்று பார்க்கிறேன், தாழ்ப்பாள் தானாக மேலே எழும்பியது. காற்று இல்லை, இலைகூட அசையவில்லை. உள்ளே யாரும் இல்லை. அதட்டலும் இல்லை. பயத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது, ஊரையெல்லாம் கேட்கிறவர் என்னை மட்டும் கேட்க மாட்டாரா? அப்புறம் என்னவோ மனசு இளகிவிட்டது. பாவம், எத்தனை வருஷமாகக் கெஞ்சினார், ஒரு தடவை சொன்னால்தான் என்ன என்று, "தோஸ்த்" என்றேன்.

படாரென்று தாழ்ப்பாள் விழுந்து மூடிக்கொண்டது.

நடுத்தெருவில் நின்று கத்தினேன். "யோவ்! உன் பொண்டாட்டிதான்யா!"

மெதுவாக, முணுமுணுப்பு மாதிரி ஒரு கிறீச் சத்தத்தோடு, தாழ்ப்பாள் எழும்பியது.

காற்று என்கிறான் முரளி. சொல்பவன் இன்றைக்கும் கேட்டில் தோஸ்த் சொல்லாமல் உள்ளே வருவதில்லை. நானும் காற்று என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு உள்ளே வந்து அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். நாள் முழுக்கக் கத்திரி வெயிலில் காய்ந்த இரும்பு, பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது. நேற்றும் தொட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.